வலையமைப்பின் தாங்குவலிமையும் அரசின் தொடர்ச்சியும்: எஸ்தோனிய அனுபவம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

நவீன அரசு ஏட்டின் மீதும் கோப்பின் மீதும் எழுந்ததாகும். காணியுறுதி, பிறப்புப் பதிவு, வரி இடாப்பு, வாக்காளர் இடாப்பு, நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவை இன்றேல் அரசு என்பது வெறும் கட்டடங்களின் தொகுதியாகவே எஞ்சும். இவ்வேடுகளைக் காத்தல் ஆட்சியாளரின் கடமைகளுள் ஒன்றாக நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து இவை கடதாசியை விட்டுக் கணினிக்கும், கணினியிலிருந்து வலையமைப்புக்கும் இடம்பெயர்ந்தன. இவ்விடப்பெயர்ச்சி அரசுக்கு வேகத்தையும் சிக்கனத்தையும் அளித்தது. அதேவேளை, முன்னர் அறியப்படாத ஒரு வினாவையும் அது எழுப்பியது: வலையமைப்பு செயலிழக்கும்போது அரசும் செயலிழக்குமா?

இவ்வினாவை ஏட்டளவிலன்றி நடைமுறையில் எதிர்கொண்ட முதல் நாடுகளுள் எஸ்தோனியா தலையாயது. பால்டிக் கடலோரத்தில் ஏறத்தாழ 13 இலட்சம் மக்கள் வாழும் இச்சிறிய நாட்டின் அரசாங்கத்தளங்கள், வங்கிகள், பத்திரிகைகள் ஆகியன 2007 ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதி தொடக்கம் மே நடுப்பகுதி வரை தொடர்ச்சியான தாக்குதலுக்கு இலக்காயின. 15 ஆண்டுகளின் பின்னர், 2022 இல், ஏறக்குறைய அதே காரணத்தால் அந்நாடு மீண்டும் தாக்கப்பட்டது. இரண்டாந் தாக்குதலைப் பொதுமக்களிற் பெரும்பாலானோர் உணரவேயில்லை. இவ்விரு நிகழ்வுகளுக்குமிடையில் நேர்ந்த மாற்றம் யாது என்பதை ஆராய்வதும், அதனின்று பெறத்தக்க பாடம் 2023 இல் இலங்கை அரசாங்க வலையமைப்புக்கு நேர்ந்த இழப்புடன் எவ்வகையில் தொடர்புறுகின்றது என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

எண்ணத்தின் தோற்றம்

வலையமைப்பொன்றின் தாங்குவலிமை பற்றிய முறையான சிந்தனை கெடுபிடி யுத்த காலத்திலே தோன்றியது. ஐக்கிய அமெரிக்காவின் றான்ட் ஆய்வு நிறுவனத்தில் 1959 இற் சேர்ந்த பொறியியலாளர் போல் பாரன், அணுவாயுதத் தாக்குதலின் பின்னரும் தொடர்புச் சாதனங்கள் இயங்கும் வழியை ஆராய்ந்தார். அக்காலத் தொலைபேசி அமைப்பு சில பெரிய நிலையங்களிலே குவிந்திருந்தது. அந்நிலையங்கள் அழியின் எஞ்சிய கம்பிகள் பயனற்றுப்போகும். 1964 இல் வெளியான தமது ஆய்வுத் தொகுதிகளிற் பாரன் வலையமைப்புகளை மூவகைப்படுத்தினார். எல்லா இழைகளும் ஒரே நடுவத்திற் குவிவது முதல்வகை. சிறு நடுவங்கள் பலவற்றைக் கொண்டது இரண்டாம் வகை. நடுவம் என ஒன்றில்லாது, மீன்பிடி வலைபோல் ஒவ்வொரு கண்ணியும் அயற் கண்ணிகள் பலவற்றோடு பிணைந்திருப்பது மூன்றாம் வகை.

மூன்றாம் வகையின் வலிமை எதிர்பார்த்ததிலும் மலிவாகக் கிடைக்கக்கூடியது என்பது பாரனின் முக்கிய முடிபாகும். அனைத்தையும் இணைப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச இணைப்புகளின் மூன்று அல்லது நான்கு மடங்கை மட்டும் அமைத்தாலே, பெருஞ்சேதத்தின் பின்னரும் எஞ்சும் கண்ணிகள் தம்முட் தொடர்புகொள்ளும் என அவர் கணித்துக் காட்டினார். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் தனக்குக் கிட்டிய வழியிற் செல்ல விடுதல் இதற்கு வழியாகும். பிரித்தானிய தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸ் இதே எண்ணத்தைத் தனித்து வந்தடைந்து, அத்துண்டுகளுக்குப் 'பொதி' எனப் பெயரிட்டார்.

இங்கு ஒரு தவறான கருத்தைத் திருத்துதல் அவசியம். 1969 ஒக்டோபர் 29 இல் முதற்செய்தியை அனுப்பிய ஆர்ப்பாநெற் வலையமைப்பு அணுப்போரைத் தாங்குவதற்கென அமைக்கப்பட்டது எனப் பலராலும் எழுதப்படுகின்றது. உண்மையில், விலையுயர்ந்த கணினிகளை ஆய்வாளர்கள் தூரத்திலிருந்து பகிர்ந்து பயன்படுத்துவதே அதன் நோக்கமாயிருந்தது. எனினும் பொதிமுறை அதன் உள்ளமைப்பாக ஏற்கப்பட்டமையால், பாரன் கணித்த தாங்குவலிமையின் கூறுகள் அதனுட் புகுந்தன. 1983 சனவரி முதலாந் திகதி புதிய பொது விதிமுறைக்கு அவ்வலையமைப்பு மாறியதோடு இன்றைய இணையத்துக்கு வழி பிறந்தது.

அவ்வடிவமைப்பாளர்களின் முன்னுரிமை எவ்வாறிருந்தது என்பதற்கு டேவிட் கிளார்க் 1988 இல் வெளியிட்ட கட்டுரை சிறந்த சான்றாகும். சில வலையமைப்புகளோ இணைப்பு நிலையங்களோ அழிந்தாலும் தொடர்பு நிலைக்க வேண்டும் என்பதை அவர் தமது ஏழு இலக்குகளுள் முதலிடத்தில் வைத்தார். வளங்களை யார் எவ்வளவு பயன்படுத்தினர் எனக் கணக்கிடுதல் இறுதியிடத்தைப் பெற்றது. தீய நோக்குடைய பயனரிடமிருந்து காத்தல் அப்பட்டியலில் தனியிலக்காக இடம்பெறவேயில்லை. உடைப்பை எதிர்பார்த்த வடிவமைப்பாளர் வஞ்சகத்தை அவ்வளவு எதிர்பார்க்கவில்லை எனலாம். அதே 1988 ஆம் ஆண்டு நவம்பர் 2 இல், பட்டப்பின்படிப்பு மாணவரொருவர் ஏவிவிட்ட 'புழு' எனப்பட்ட நிரல் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு, அன்று இணைந்திருந்த கணினிகளிற் பத்திலொரு பங்கு என மதிப்பிடப்பட்ட ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கியது. இதன் விளைவாகக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதலாவது கணினி அவசரநிலைக் குழு அமைக்கப்பட்டது. இயந்திரங்களின் பிணைப்பு மாத்திரம் போதாது, அவற்றைக் காப்போரும் தம்முட் பிணைந்திருத்தல் வேண்டும் என்னும் உணர்வு நிறுவன வடிவம் பெற்ற சந்தர்ப்பம் இதுவாகும். பின்னர் உலகெங்கும் இத்தகைய குழுக்கள் தோன்றின. எஸ்தோனியாவிலும் இலங்கையிலும் அவை ஒரே ஆண்டில், அதாவது 2006 இல், நிறுவப்பட்டன.

எஸ்தோனியா வலையமைப்பை நாடியமை

1991 ஓகஸ்டில் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்டுச் சுதந்திரத்தை மீட்ட எஸ்தோனியாவிடம் செல்வமுமில்லை. பெரும் நிருவாக இயந்திரமுமில்லை. பரந்துறையும் சிறிய சனத்தொகைக்கு ஊர்தோறும் அலுவலகமும் வங்கிக்கிளையும் அமைத்தல் அந்நாட்டின் சக்திக்கு அப்பாற்பட்டது. கைவிட மனம்வராத பெறுமதிமிக்க பழைய கணினி அமைப்புகள் அரசிடம் அதிகம் இல்லாதிருந்தமையும் ஒருவகையில் வாய்ப்பாயிற்று. 1996 இல் 'புலிப்பாய்ச்சல்' என்ற பெயரில் பாடசாலைகளைக் கணினிமயப்படுத்தும் திட்டம் சனாதிபதி லென்னார்ட் மேரியால் அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் வங்கிகள் இணையச் சேவையைத் தொடங்கின. 2000 இல் அமைச்சரவைக் கூட்டங்கள் கடதாசியைக் கைவிட்டன. 2002 இல் மின்னணு அடையாள அட்டை வழங்கப்பட்டது. 2005 ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலிலும் 2007 மார்ச் மாதப் பாராளுமன்றத் தேர்தலிலும் இணையவழி வாக்களிப்பு இடம்பெற்றது. பிந்திய தேர்தலில் 30,000 இற்கு மேற்பட்டோர் இவ்வழியில் வாக்களித்தனர்.

இவ்வளர்ச்சியில் ஆழ்ந்து நோக்கத்தக்கது 2001 டிசெம்பரில் இயங்கத் தொடங்கிய 'எக்ஸ்-ரோட்' என்னும் தரவுப் பரிமாற்ற ஏற்பாடாகும். அரசின் தரவுகளனைத்தையும் ஒரே பெருங்களஞ்சியத்திற் குவிக்காது, ஒவ்வொரு திணைக்களமும் தனது பதிவேட்டைத் தானே வைத்திருக்க, தேவையேற்படும்போது மட்டும் மறையாக்கம் செய்யப்பட்ட வழியில் ஒன்று மற்றொன்றை வினவுதல் அதன் முறையாகும். ஒவ்வொரு வினவலும் நேரமுத்திரையுடன் பதியப்படும். ஆகவே ஒரு பதிவேடு வீழ்ந்தால் ஏனையவை அதனுடன் வீழவேண்டியதில்லை. பாரன் கம்பிகளுக்குக் கூறிய இலக்கணத்தை எஸ்தோனியர் நிருவாகத்துக்குப் பொருத்தினர் என்று இதனைக் கொள்ளலாம். ஆயினும் இவ்வுள்ளமைப்பு செவ்வனே இருந்தபோதிலும், மக்கள் அரசையும் வங்கியையும் அணுகும் வாயில்கள் குறுகியனவாகவே இருந்தன. 2007 இல் தாக்கப்பட்டவை அவ்வாயில்களே.

வெண்கலச் சிலையும் மூன்று வாரங்களும்

இத்தாக்குதல் கணினித்துறைப் பிணக்கொன்றிலிருந்து பிறந்ததன்று. அதன் வேர் தலைநகர் தாலினின் தெருவொன்றில் நின்ற சிலையிலும், அதற்குக் கீழ்ப் புதைக்கப்பட்ட போர்வீரர்களின் நினைவிலும் இருந்தது. 1947 இல் நிறுவப்பட்ட அவ்வெண்கலச் சிலை, நாசிகளை வென்ற செம்படையினரின் நினைவுச்சின்னமாகும். நாட்டு மக்களுள் ஏறத்தாழக் காற்பங்கினரான உருசிய மொழியினருக்கு அது தம் முன்னோரின் உயிர்த்தியாகத்தின் அடையாளமாக விளங்கியது. எஸ்தோனியரிற் பலருக்கோ அது 1944 இல் மீண்டும் தொடங்கி அரை நூற்றாண்டளவு நீடித்த ஆக்கிரமிப்பின் சின்னமாயிற்று. சுதந்திரத்தின் பின்னர், 1940 ஆம் ஆண்டுக்கு முன்னைய குடிகளுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்குமே குடியுரிமை தானாகக் கிடைத்தது. பின்னர் குடியேறியோர் மொழித் தேர்ச்சி காட்டி விண்ணப்பிக்க வேண்டியவராயினர். இப்பின்னணியிற் சிலை பற்றிய சர்ச்சை வெறும் கல்லும் உலோகமும் பற்றியதாக இருக்க முடியாது.

சிலையைப் படைவீரர் மயானத்துக்கு இடமாற்ற அரசாங்கம் முற்பட்டபோது, 2007 ஏப்பிரல் 26 ஆம் திகதி இரவு தாலினிற் கலவரம் மூண்டது. ஒருவர் உயிரிழந்தார், நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மறுநாள் சிலை அகற்றப்பட்டது. அன்றே வலையமைப்பின் மீதான தாக்குதலும் ஆரம்பமாயிற்று.

தொடக்கநாட் தாக்குதல்கள் எளியனவாயிருந்தன. எந்தத் தளத்தை, எந்நேரத்தில், எக்கட்டளையால் தாக்கவேண்டும் என்னும் அறிவுறுத்தல்கள் உருசிய மொழி இணையக் களங்களிற் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. ஆளுங்கட்சியின் தளத்திற் பிரதமர் மன்னிப்புக் கோருவதாகப் போலிக் கடிதமொன்று ஏற்றப்பட்டது. ஏப்பிரல் 30 இன் பின்னர் தாக்குதலின் தன்மை மாறியது. உரிமையாளர் அறியாமலே கைப்பற்றப்பட்ட ஆயிரக்கணக்கான கணினிகள் உலகின் பல பகுதிகளிலிருந்து ஒரே வேளையில் எஸ்தோனியத் தளங்களை வினவத் தொடங்கின. 170 இற்கு மேற்பட்ட நாடுகளிலிருந்த கணினிகள் இதில் ஈடுபடுத்தப்பட்டன. தபாற்கந்தோர் யன்னலின் முன் முத்திரை வாங்கும் எண்ணமில்லாத ஆயிரம் பேர் வரிசையில் நின்று ஒவ்வொருவரும் விலையை மட்டும் கேட்டுச் செல்வாராயின், உண்மையில் முத்திரை வேண்டுவோர் வீடு திரும்ப நேரிடும். கதவு உடைக்கப்படவில்லை, பெட்டகம் களவுபோகவில்லை, ஆயினும் கந்தோர் இயங்கவில்லை. சேவை மறுப்புத் தாக்குதலின் இயல்பு இதுவேயாம்.

சோவியத் வெற்றி நாளாகிய மே 9 இல் தாக்குதல் உச்சத்தை அடைந்தது. ஒரே வேளையில் 58 வரையிலான தளங்கள் செயலிழந்தன. மே 10 இல் நாட்டின் மிகப்பெரிய வங்கியான ஹான்சா வங்கி தனது இணையச் சேவையைச் சிறிது நேரம் நிறுத்தவேண்டியதாயிற்று. கடைத்தெருப் பரிமாற்றமும் சம்பளக் கொடுப்பனவும் வங்கித்தளத்தை நம்பியிருந்த நாட்டில் இது வெறும் வசதிக்குறைவாகக் கருதப்படவில்லை. மே 18 அளவில் அலை தணிந்தது.

இன்றைய அளவுகோலால் நோக்கின் அவ்வெள்ளம் பெரிதன்று. அவ்வேளை அவதானிக்கப்பட்ட 128 தனித்தாக்குதல்களுள் மிகப் பெரியவை வினாடிக்கு 90 மெகாபிற்று அளவினையே எட்டின. இன்று ஒரு வீட்டின் ஒளியிழை இணைப்பு அந்த அளவைத் தாங்கும். சிறிதளவு நீரும் குறுகிய கால்வாயைக் கரைபுரளச் செய்யும் என்பதையே இது காட்டுகின்றது. ஆதலின் ஒரு தாக்குதலின் வரலாற்று முக்கியத்துவத்தை அதன் பருமனால் அன்றி, தாக்குண்ட சமூகம் எதனை எதன்மீது சார்த்தியிருந்தது என்பதாலேயே மதிப்பிடல் வேண்டும்.

எதிர்த்து நின்ற விதம்

தாக்குதலை எதிர்கொண்ட கணினி அவசரநிலைக் குழு அன்று தோன்றிச் சிறிது காலமே ஆன சிறு குழுவாகும். அதன் தலைவர் ஹில்லார் ஆரலைட் முன்னர் பொலிஸ் சேவையில் இருந்தவர். வங்கிகளின் பாதுகாப்பு அலுவலர், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பொறியியலாளர், அரசாங்க ஊழியர் ஆகியோர் ஏற்கெனவே ஒருவரையொருவர் நேரில் அறிந்திருந்தனர். மார்ச் மாத இணையத் தேர்தலைக் காத்த அனுபவமும் அவர்களுக்கு இருந்தது. கட்டளைக் கடிதங்களுக்குக் காத்திராது, தொலைபேசி அழைப்பிலேயே தீர்மானங்கள் எடுக்கப்பட்டன.

நாட்டெல்லைக்குள் வந்துசேர்ந்த வெள்ளத்தை நாட்டுக்குள்ளேயே நின்று தடுத்தல் இயலாது. அது புறப்படும் இடங்களுக்கு அண்மையிலேயே அடைக்கப்படல் வேண்டும். அதற்கோ பிறநாட்டு வலையமைப்பாளரின் ஒத்துழைப்பு தேவை. அந்நிய நாட்டிலிருந்து வரும் ஒரு மின்னஞ்சலை நம்பி எவரும் தம் வாடிக்கையாளரின் இணைப்பைத் துண்டிக்கமாட்டார். இவ்விடத்தில் ஒரு தற்செயல் உதவியது. ஐரோப்பிய வலையமைப்பாளர் மன்றமாகிய 'ரைப்' தனது கூட்டத்தை மே மாத இரண்டாம் வாரத்திற் தாலினில் நடத்த முன்னரே ஒழுங்குசெய்திருந்தது. அதன்பொருட்டு வந்திருந்த பில் வூட்கொக், கேர்ட்டிஸ் லின்ட்க்விஸ்ட் முதலானோர் உலக வலையமைப்பாளர் மத்தியில் நன்மதிப்புப் பெற்றவர்கள். ஆரலைட் நம்பத்தக்கவர் என அவர்கள் உறுதியளித்த பின்னர், தாக்கும் முகவரிகள் அவை தோன்றிய இடங்களிலேயே அடைக்கப்பட்டன. பின்லாந்து, ஜேர்மனி, சுலோவேனியா, இஸ்ரவேல் ஆகிய நாடுகளின் அவசரநிலைக் குழுக்களும் துணைநின்றன.

இவ்வுதவிக்கு முன்னரும் பின்னரும் எஸ்தோனியர் கையாண்ட மற்றொரு முறை கசப்பானது. வெளிநாட்டிலிருந்து வரும் போக்குவரத்தை முற்றாக மறுத்து உள்நாட்டுப் பயனருக்கு மட்டும் தளங்களைத் திறந்துவைத்தலே அதுவாகும். இதனால் உள்நாட்டிற் சேவை நிலைத்தது. ஆனால் உலகின் கண்ணுக்கு எஸ்தோனியா மறைந்தது. பத்திரிகைகள் தம் நாட்டுக்கு நேர்ந்ததைப் பிறருக்குச் சொல்லமுடியாத நிலையில் நின்றன. உலகுடன் இணைவதற்கென அமைந்த வலையமைப்பு உலகினின்று துண்டித்துக்கொண்டே உயிர்தப்ப வேண்டியதாயிற்று. தாங்குவலிமைக்கும் விலையுண்டு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தாக்கியோர் யாவர்?

வரலாற்று மாணவருக்கு இவ்வினா மிகுந்த அவதானத்தை வேண்டுவது. எஸ்தோனிய வெளிவிவகார அமைச்சர் உருசிய அரசை வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். உருசியா அதனை மறுத்தது. விசாரணைக்குச் சட்ட உதவி கோரி எஸ்தோனியா விடுத்த வேண்டுகோளையும் அது ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரிற் பாதுகாப்பு அமைச்சர் யாக் ஆவிக்சூ, உருசிய அரசுடன் நேரடித் தொடர்பை நிறுவும் சான்று தம்மிடம் இல்லை என ஒப்புக்கொண்டார். 2008 சனவரியில் எஸ்தோனிய நீதிமன்றம் தண்டித்தது ஒருவரை மட்டுமே. ஆளுங்கட்சியின் தளத்தைத் தாக்கிய உள்நாட்டு மாணவரொருவருக்கு 17,500 குரோன் தண்டம் விதிக்கப்பட்டது. 2009 இல் உருசிய இளைஞர் இயக்கமொன்றின் உறுப்பினர் தாமும் தம் தோழரும் பங்குபற்றியதாகக் கூறினார். பகிரங்கத் தூண்டுதல் இருந்தமை திண்ணம். அரசொன்றின் கட்டளை இருந்தமை நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. எல்லை கடந்து செல்லும் படைக்குச் சீருடையும் கொடியும் உண்டு. வலையமைப்பினூடாக வரும் தாக்குதலுக்கு அவை இல்லை. இதனாலேயே, உறுப்பு நாடொன்றின் மீதான தாக்குதலை அனைத்து நாடுகள் மீதான தாக்குதலாகக் கருதும் நேட்டோ உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புரை அன்று பிரயோகிக்கப்படவில்லை. யாரென்று அறியமுடியாத எதிரியை அச்சுறுத்தி விலக்கலும் அரிது. எனவே தாங்கி நிற்பதொன்றே சிறிய நாட்டுக்கு எஞ்சிய வழியாயிற்று.

பின்னைய ஏற்பாடுகள்

2008 மே மாதத்தில் நேட்டோவின் கூட்டுறவுச் சிறப்பு மையமொன்று தாலினில் நிறுவப்பட்டது. அதன் ஆதரவிற் சட்ட அறிஞர்கள் தொகுத்த 'தாலின் கைந்நூல்' 2013 இல் வெளிவந்து, இத்தகைய மோதல்களுக்குச் சர்வதேசச் சட்டம் பொருந்தும் விதத்தை ஆராய்ந்தது. உள்நாட்டில், பகலிற் தனியார் நிறுவனங்களிற் பணிபுரியும் கணினி வல்லுநர்கள் தன்னார்வத் தொண்டராகப் பாதுகாப்பு அணியின் கணினிப் பிரிவிற் சேர்க்கப்பட்டனர். 2007 இல் நட்பின் அடிப்படையில் இயங்கிய தொடர்பு இவ்வாறு நிறுவனமாக உருப்பெற்றது.

இவ்வேற்பாடுகளுள் வரலாற்று நோக்கில் மிகவும் சிந்தனைக்குரியது 'தரவுத் தூதரகம்' ஆகும். 2017 யூனிற் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி, எஸ்தோனிய அரசின் இன்றியமையாப் பதிவேடுகளின் பிரதிகள் லக்சம்பேர்க் நாட்டிலுள்ள நிலையமொன்றில் வைக்கப்படுகின்றன. தூதரகத்துக்கு ஒப்பான விலக்குரிமை அவற்றுக்கு உண்டு. தாயகம் முழுதும் பறிபோனாலும் யார் குடிமகன், எக்காணி யாருடையது என்னும் பதிவுகள் அழியா.

இவ்வெண்ணம் கணினிக் காலத்துக்கு உரியது போலத் தோன்றினும், அதன் முன்மாதிரி பழையது. 1940 இல் எஸ்தோனியா சோவியத் ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டபோது, ஐக்கிய அமெரிக்கா அவ்விணைப்பை அங்கீகரிக்க மறுத்தது. அதனால் நியூயோர்க்கிலிருந்த எஸ்தோனியத் துணைத்தூதரகம் நாடு இல்லாத காலத்திலும் தொடர்ந்து இயங்கியது. 1965 முதல் அதற்குத் தலைமை வகித்த ஏர்ன்ஸ்ட் யாக்சன், 1991 இற் சுதந்திரம் மீளும்வரை கடவுச்சீட்டுகள் வழங்கி அரசின் சட்டத் தொடர்ச்சியைப் பேணினார். ஓர் அலுவலகமும் ஒரு முத்திரையும் சில பதிவேடுகளும் அரை நூற்றாண்டு ஓர் அரசைத் தாங்கின. தரவுத் தூதரகம் அந்நினைவின் மறுவடிவமே. வெளியே வைக்கப்பட்ட பிரதியின் பெறுமதியை எஸ்தோனியர் கணினியிடமிருந்து கற்கவில்லை. தம் வரலாற்றிடமிருந்தே கற்றனர்.

பிழைகள் நேராமலில்லை. 2017 இல், அடையாள அட்டையின் சில்லில் அடிப்படைக் குறையொன்று இருப்பதைச் செக் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஏறத்தாழ 750,000 அட்டைகள் பாதிப்புற்றன. ஒரே வகைச் சில்லில் முழு நாட்டையும் தங்கவைத்தமை பாரன் எச்சரித்த நடுவக் குவிவின் பிறிதொரு வடிவமாகும். அரசாங்கம் இதனை மறைக்காது செப்டெம்பரிலேயே பகிரங்கப்படுத்தியது. நவம்பர் மூன்றாந் திகதியளவில் பழைய சான்றிதழ்களை இடைநிறுத்தித் தொலைவிலிருந்தே புதுப்பித்தது. கைத்தொலைபேசிவழி அடையாளமுறை முன்னரே தனி வழியாக இருந்தமையும் கைகொடுத்தது.

2022 ஓகஸ்ட் 16 இல், உக்ரேன் மீதான படையெடுப்பின் பின்னணியில், நார்வா நகரில் நின்ற சோவியத் தாங்கி நினைவுச்சின்னம் அகற்றப்பட்டது. உடனே அரசாங்கத்தளங்களும் தனியார் நிறுவனங்களும் 2007 இன் பின்னர் காணாத அளவில் தாக்கப்பட்டன. உருசிய ஆதரவுக் குழுவொன்று அதற்கு உரிமை கோரியது. சில தளங்கள் சிறிது நேரம் தடங்கியமை தவிர, மக்களிற் பெரும்பாலானோர் எதனையும் உணரவில்லை என அரசின் தகவற்றுறைப் பொறுப்பாளர் அறிவித்தார். காரணம் மாறவில்லை, தாக்குதல் முறையும் பெரிதும் மாறவில்லை, மாறியது தாங்கும் ஏற்பாடு மட்டுமே.

இலங்கை நோக்கி

எஸ்தோனிய அனுபவத்தை வியந்து நிற்றல் மட்டும் பயன்தராது. அதே 2006 இல் தனது அவசரநிலைக் குழுவை நிறுவிய இலங்கையின் அரசாங்க முகிற் கணினி அமைப்பு 2023 ஓகஸ்டிற் கப்பம் கோரும் மென்பொருளாற் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசாங்க முகவரியைப் பயன்படுத்திய ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிப்புற்றன. அமைப்பு விரைவில் மீள இயங்கியது. ஆனால் மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதத் தொடர்புகள் மீட்கப்படவில்லை. பிரதிகள் எடுக்கப்பட்டிருந்தன; எனினும் அவை மூலத்துடன் இணைந்த நிலையிலேயே இருந்தமையால், மூலத்தைப் பற்றிய கேடு பிரதியையும் பற்றியது. இணைப்பறுத்துத் தனியே வைக்கப்பட்ட அண்மைக்காலப் பிரதி இருக்கவில்லை. காலங்கடந்த மென்பொருளைப் புதுப்பிக்கும் திட்டம் நிதிக் கட்டுப்பாடு முதலிய காரணங்களாற் தாமதமானதெனப் பொறுப்பானவர்கள் விளக்கினர்.

இவ்விளக்கத்திலேயே பிரச்சினையின் சாரம் அடங்கியுள்ளது. பாரன் வேண்டிய மிகை இணைப்பும், லக்சம்பேர்க்கில் வைக்கப்பட்ட பிரதியும், இரண்டாவது அடையாள வழியும் சாதாரண நாட்களில் வீண்செலவாகவே தோன்றும். அவை பயன்படாத நாளெல்லாம் கணக்காய்வாளரின் கண்ணில் அவை உறுத்தும். நிதி நெருக்கடி நேரும்போது முதலில் வெட்டுண்பவையும் அவையே. ஆனால் ஒரு வலையமைப்பின் தாங்குவலிமை என்பது அந்தப் 'பயன்படாத' பகுதியிலேயே உறைகின்றது. எஸ்தோனியா இலங்கையிலும் செல்வம் மிக்கது என்பது உண்மையாயினும், எக்ஸ்-ரோட் அமைக்கப்பட்ட காலத்தில் அது வறிய நாடாகவே இருந்தது. இரு நாடுகளுக்குமிடையிலான வேறுபாட்டைச் செல்வத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. இழப்பு நேரும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அதன் பின்னர் எது எஞ்சவேண்டும் எனத் தீர்மானித்தலே வேறுபாட்டின் அடிப்படையாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, அரசின் வலையமைப்பைக் காப்பது உயர்ந்த வேலியன்று என்பது புலனாகும். ஒன்று வீழின் மற்றொன்று நிற்கும் ஏற்பாடும், வேறிடத்தில் வைக்கப்பட்ட பிரதியும், ஆபத்துக்கு முன்னரே ஒருவரையொருவர் அறிந்த மனிதருமே அதனைக் காக்கின்றனர். இவற்றுள் எதனையும் தாக்குதல் நடக்கும் இரவில் விலைக்கு வாங்கவியலாது. அதேவேளை, இவ்வேற்பாடுகள் செய்யவல்லதற்கும் எல்லையுண்டு. 2007 இலும் 2022 இலும் தாக்குதலுக்கு வித்தாகியது இறந்தோர் நினைவு பற்றித் தீராத பிணக்கேயாம். பதினைந்து ஆண்டுகளிற் சேவையகங்கள் வலுப்பெற்றன. அப்பிணக்கு அவ்வாறே இருந்தது. பதிவேட்டைக் காத்தல் பொறியியலாளராற் கூடும். அப்பதிவேட்டில் இடம்பெறும் அனைவரும் அதனைத் தமதெனக் கருதச் செய்தல் அரசியலின் பணியாகும்.